கம்பஸ் கிடைக்காட்டி என்ன செய்யிற?

அன்பின் அக்காவுக்கு,

பட்டிருப்பு வலயத்தில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு 1சி பாடசாலையில் உயர்தரக் கலைப்பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். பெயரும் ஊரும் போட வேண்டாம். தரம் 11, 13 பிள்ளைகளுக்குத் தொழில் வழிகாட்டல் நிகழ்ச்சி ஒன்று செய்யச் சொல்லி அதிபர் இந்த முறையும் என் தலையில் கட்டிவிட்டார். போன முறை நகரத்திலிருந்து ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டோம். கனவு காணுங்கள், முடியாதது எதுவுமில்லை என்று நன்றாகத்தான் பேசினார். பிள்ளைகளும் கைதட்டினார்கள். எல்லாம் முடிந்து கதிரை அடுக்கும்போது ஒரு பிள்ளை வந்து, "ரீச்சர், எனக்குக் கம்பஸ் கிடைக்காட்டி என்ன செய்யிற?" என்று கேட்டாள். "கிடைக்கும், நீ படி" என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பொடியன்கள் கதை வேறு. சாதாரண தரம் எழுதின கையோடு மேசன் வேலை, வயது வந்ததும் கட்டார். பெற்றாருக்கோ அரசாங்க உத்தியோகம் தவிர வேறெதுவும் காதில் ஏறாது. இந்த முறை நீங்கள் வந்து பேசுவீர்களா?

ஓர் ஆசிரியை

*

அன்பின் ரீச்சருக்கு,

பேச வரமாட்டேன். கோபிக்க வேண்டாம். விடிய, வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையேறி மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு ரியூசனுக்குப் போகிற பிள்ளைக்கு "முயற்சி செய்" என்று சொல்ல நான் யார்? அவர்களிடம் ஊக்கம் இருக்கிறது. எந்த வாசல் எங்கே இருக்கிறது, எப்போது திறந்து எப்போது பூட்டும், உள்ளே போகக் கையில் என்ன இருக்க வேண்டும், இதுதான் தெரியாது. நகரத்துப் பிள்ளைக்கு இதையெல்லாம் மாமாவோ பக்கத்து வீட்டு அக்காவோ சொல்லிவிடுவார்கள். குடும்பத்தில் முதல் ஆளாக உயர்தரம் எழுதுகிற பிள்ளைக்கு வீட்டில் அப்படி ஆளில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மூன்று பாடமும் சித்தி என்றால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம். மிச்சப்பேர் கெட்டித்தனம் குறைந்தவர்கள் அல்ல, கதிரை போதாது. இதைச் சொன்னால் பிள்ளைகள் மனம் உடைந்துவிடும் என்று பயப்படுகிறோம். சொல்லாமல் விட்டால் அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் ஸ்கோர் புள்ளி வந்த அன்றைக்கு உடைகிறது, அன்றைக்கு நாங்கள் பக்கத்தில் இருப்பதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, கலைப்பிரிவுப் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டியது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமைப்படி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. "எங்களுக்குக் கோட்டா இருக்குத்தானே" என்று பெற்றார் நம்பியிருப்பது இதைத்தான். ஆனால் கலைத்துறைக்கு இந்தப் பங்கீடு இல்லை. அங்கே நாடு முழுவதும் ஒரே வரிசை. விஞ்ஞானம், கணிதம், வர்த்தகம் படிக்கிற பிள்ளைக்குக் கை கொடுக்கிற கோட்டா, உங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளையை எட்டியும் பார்க்காது.

உங்கள் பாடசாலை 1சி. அதாவது விஞ்ஞானப் பிரிவு கிடையாது. விஞ்ஞானம் வேண்டுமென்றால் 1ஏபி பாடசாலைக்குப் போக வேண்டும், அது பெரும்பாலும் வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில். பஸ் எத்தனை மணிக்கு, பெண்பிள்ளை இருட்டுப்பட எப்படித் திரும்பி வருவாள் என்ற கேள்விகளில் பிள்ளையின் துறை முடிவாகிவிடுகிறது. பிறகு நாங்கள் "அவளுக்குக் கலைதான் விருப்பம்" என்று எழுதிக்கொள்கிறோம். தாதியாக வர ஆசைப்பட்டுக்கொண்டு கலைப்பிரிவில் இருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். அரச தாதியர் பயிற்சிக்கு வழமையாக விஞ்ஞானப் பிரிவு கேட்பார்கள் என்பது தரம் 13இல் தெரிந்து என்ன பயன்? அதனால்தான் உங்கள் நிகழ்ச்சியில் 13ஐ விட 11 முக்கியம் என்கிறேன். தரம் 9, 10 பிள்ளைகளையும் கூட்டினால் இன்னும் நல்லது. 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவு எந்தப் பாடசாலைகளில் இருக்கிறது, அங்கே போக ஏது வழி என்பதை அவர்களுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வயலும் வாவியும் உள்ள ஊரில், அந்தப் பிரிவில் வரும் உயிர்முறைமைகள் தொழில்நுட்பத்தை ஒரு பிள்ளையாவது யோசித்துப் பார்க்க வேண்டாமா?

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. கம்பஸ் கிடைக்காவிட்டால் தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது, ஆசிரியராக அந்த வழியாலும் வரலாம். உயர்தொழில்நுட்பவியல் நிறுவனம் மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் இருக்கிறது. கணக்கியலில் அங்கே எடுக்கிற உயர் தேசிய டிப்ளோமாவுக்கு வேலைச் சந்தையில் நல்ல மதிப்பு. திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் நிலையம் உண்டு, அதற்கு இசட் ஸ்கோர் தேவையில்லை. உயர்தரம் சரிவராதவர்களுக்கும் அடிப்படைக் கற்கை வழியாக அங்கே இடமிருக்கிறது. சித்தியடைந்தும் இடம் கிடைக்காதவர்களுக்கு அரசின் வட்டியில்லாக் கடனில் பட்டம் படிக்கும் திட்டமும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் பிள்ளைகள் இழப்பது தகுதியில்லாமல் அல்ல, திகதி தெரியாமல். விண்ணப்பம் கோரும் வர்த்தமானி வெள்ளிக்கிழமை வரும். யார் பார்க்கிறார்கள்? கல்லடி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதமோ நடனமோ நாடகமோ படிக்க வேண்டுமென்றால் இசட் ஸ்கோர் மட்டும் போதாது, செய்முறைப் பரீட்சையும் வேண்டும். இப்படி உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ கேட்கிற கற்கைநெறிகளுக்கு விண்ணப்பமும் தனி. சின்ன வயதிலிருந்து கூத்தாடுகிற பிள்ளை அந்த விளம்பரத்தைக் காணாமல் விட்டுவிட்டால் அந்த வருடம் போனதுதான்.

பொடியன்கள் மேசன் வேலைக்குப் போவதை நான் குறையாக நினைக்கவில்லை. கையில் கடதாசி இல்லாமல் போவதுதான் குறை. என்.வி.கியூ என்று எல்லோரும் சொல்கிற தேசிய தொழில் தகைமை 1 முதல் 7 வரை போகிறது. 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். மேசனாகத் தொடங்கினவர் அதே ஏணியில் மேலே போகலாம். வருடக்கணக்காக வேலை செய்து பழகியவர் திரும்ப வகுப்புக்குப் போகத் தேவையில்லை, முன்கற்றலை மதிப்பிட்டு அரசின் தொழிற்பயிற்சி அதிகார சபையான நைட்டா சான்றிதழ் கொடுக்கும். கட்டாருக்குப் போகத்தான் போகிறான் என்றால், உதவியாளாகப் போகாமல் தொழிலாளியாகப் போகட்டும். சம்பளத்தில் தெரியும் வித்தியாசத்தை ஊரில் போய் வந்தவர்களிடமே கேளுங்கள். தொழில்நுட்பக் கல்லூரி என்றால் 'படிப்பு ஏறாதவன் போகிற இடம்' என்று நம்மில் சிலர் ஆசிரியர் அறையில் சொல்வதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதையும் இடையில் சொல்லி வைக்கிறேன்.

பெற்றாரைக் குறை சொல்லாதீர்கள். யுத்தம், 2004 சுனாமி, வருடா வருடம் வெள்ளம். வீடும் வள்ளமும் வெள்ளாமையும் போன காலத்தில் மாதம் தவறாமல் வந்தது பக்கத்து வீட்டு உத்தியோகத்தரின் சம்பளம் மட்டும்தான். அதைக் கண்ணால் கண்டவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் 2017இல் பட்டதாரிகள் வேலை கேட்டு மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் வாரக்கணக்காகக் குந்தியிருந்ததையும் அதே பெற்றார் கண்டார்கள். பட்டத்துக்கும் உத்தியோகத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்து வெகுகாலமாகிறது. இதை நீங்கள் சொல்வதைவிட அங்கே இருந்த ஒருவர் வந்து சொன்னால் எடுபடும்.

கம்பஸ் கிடைக்கிற பிள்ளைகளையும் நாங்கள் தயார்ப்படுத்துவதில்லை. தமிழில் குறிப்பு மனப்பாடம் பண்ணி, கடந்தகால வினாத்தாள் செய்து வருகிற பிள்ளைக்குப் பல பீடங்களில் ஆங்கிலத்தில் விரிவுரை. முதல் வருடம் முழுக்க மூச்சுத் திணறல். தரம் 12இலிருந்து கிழமைக்கு ஒரு நாள், புள்ளியிடும் திட்டத்தை மூடிவைத்துவிட்டு, தெரியாத ஒரு விடயத்தைத் தானாகத் தேடி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஓர் ஆங்கில விளம்பரத்தை வாசித்து, கடைசித் திகதி எது, என்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சிங்களமும் கொஞ்சம். அரச சேவையில் சேர்ந்தாலும் இரண்டாம் மொழி கேட்கத்தான் போகிறார்கள்.

நிகழ்ச்சிக்குப் பேச்சாளருக்குச் செலவழிக்கிற காசில் ஒரு பஸ் பிடியுங்கள். வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது கிழக்குப் பல்கலைக்கழகம். இத்தனை காலம் நம் மாவட்டத்துக்குள் நின்றும் அதன் படலையைத் தாண்டாத பிள்ளைகள்தான் அதைக் கனவு காண்கிறார்கள். போகிற வழியில் தொழில்நுட்பக் கல்லூரியிலும் இறங்குங்கள், இரண்டுக்கும் ஒரே மரியாதை என்று பிள்ளைகள் காணட்டும். பாடசாலையில் வைக்கிற அரை நாளுக்கு உங்கள் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் போதும்: ஒரு தாதி, ஒரு எலக்ரீசியன், டிப்ளோமா முடித்த ஒருவர், பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருந்த ஒருவர். என்ன படித்தார்கள், எவ்வளவு செலவானது, எங்கே தங்கினார்கள், இப்போது எவ்வளவு வருகிறது என்று மட்டும் சொல்லட்டும்.

பெற்றார் கூட்டத்தைத் தனியாக வையுங்கள். வெள்ளாமை வெட்டு முடிந்த பிறகு, ஒரு ஞாயிறு பின்னேரம். அதற்கு என்னைக் கூப்பிடுங்கள், கட்டாயம் வருகிறேன். மைக் வேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல் தமிழில் வருகிறது, அதில் இரண்டு மூன்று பிரதியும் பேனைகளும் எடுத்து வையுங்கள். தாய் தகப்பனோடு பிள்ளைகளை இருத்தி, விருப்பத்தெரிவுப் படிவத்தை ஒருமுறை பொய்க்கு நிரப்பிப் பார்ப்போம்.