உப்புத் தண்ணி வீட்டுல டிஷ்வாஷர் வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு அம்மாபேட்டையில தனி வீடு, தரைத்தளம் மட்டும்தான், மொட்டை மாடியில டேங்க் இருக்கு. எனக்கு மணிக்கட்டு வலி, அதனால பையன் டிஷ்வாஷர் வாங்கித் தரேங்கறான். மாமியார்தான் "நம்ம போர் தண்ணிக்கு பக்கெட்டே வெள்ளை பூத்துப் போகுது, இந்த மிஷின் என்ன கதியாகும்"ங்கறாங்க. கிச்சன்ல கிரானைட் போட்டு முடிச்சாச்சு, அதை உடைக்கணுமா?
- வாசகி, அம்மாபேட்டை

பதில்: உங்க மாமியார் கேட்டதுதாங்க முதல்ல கேக்க வேண்டிய கேள்வி. எத்தனை பாத்திரம் பிடிக்கும், எத்தனை ப்ரோக்ராம் இருக்குன்னு கடையில சொல்வாங்க, உங்க வீட்டு தண்ணி எப்படின்னு யாரும் கேக்க மாட்டாங்க. நம்ம சேலத்துல ஒரே தெருவுல ஒரு வீட்டுக்கு மேட்டூர் காவிரி தண்ணி, அடுத்த வீட்டுக்கு போர் தண்ணி, நிறைய வீட்டுல ரெண்டையும் ஒரே டேங்க்ல ஏத்திடறோம். தண்ணியில கரைஞ்சிருக்கற கால்சியமும் மெக்னீசியமும்தான் அந்த வெள்ளைப் படிவுக்குக் காரணம், அதோட அளவைத்தான் ஹார்ட்னெஸ்ங்கறது, சூடு பண்ணா இன்னும் சீக்கிரம் படியும், டிஷ்வாஷரோ தண்ணியை 50, 60 டிகிரிக்கு சூடு பண்ணித்தான் கழுவும்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி ஹார்ட்னெஸ் டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்கி டேங்க் தண்ணியில நனைச்சுப் பாருங்க. ஆர்.ஓ. சர்வீஸ்காரர் பேனா மாதிரி ஒண்ணை விட்டு ஒரு நம்பர் சொல்வாரே, அது டி.டி.எஸ்., அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற எல்லா உப்போட மொத்த அளவு, ஹார்ட்னெஸ் வேற, அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. குடிதண்ணிக்கே 200 பி.பி.எம். (லிட்டருக்கு 200 மில்லிகிராம்) ஹார்ட்னெஸ்தான் விரும்பத்தக்க அளவு, வேற தண்ணி இல்லேன்னா 600 வரைக்கும்னு இந்திய தர நிர்ணயம் சொல்லுது. உள்ளேயே ஹார்ட்னெஸைக் குறைக்கற சாஃப்ட்னர் இருக்கற மாடலா வாங்குங்க, எவ்வளவு ஹார்ட்னெஸ் வரைக்கும் தாங்கும்னு அதோட மேனுவல்ல போட்டிருப்பாங்க, உங்க தண்ணி அதையும் தாண்டினா டேங்க் லைன்ல தனி சாஃப்ட்னர் போட்டுட்டுத்தான் மிஷினே எடுக்கணும்.

இந்த சாஃப்ட்னருக்குத்தான் அடியில ஒரு மூடி திறந்து உப்பு போடறது. அந்த உப்பு பாத்திரத்தைக் கழுவறதுக்கு இல்ல, உள்ள ரெசின்னு குட்டி குட்டி மணியா இருக்கும், அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடிச்சு வெச்சுக்கும், நிறைஞ்சு போனதும் உப்புத் தண்ணி ஓடி அதைத் திரும்ப வேலைக்குத் தயார் பண்ணும். வீட்டு தூள் உப்பு வேண்டாம், கட்டியாகாம இருக்க அதுல கலக்கற பொருள் அடைச்சுக்கும். கல் உப்புலயும் அழுக்கும் மெக்னீசியமும் இருக்கு. டிஷ்வாஷர் உப்பே போடுங்க, போட்டதும் சிந்தினது உள்ள நிக்காம உடனே ஒரு வாஷ் ஓட்டிடுங்க, இல்லேன்னா ஸ்டீல்ல துரு பிடிக்கும். ஹார்ட்னெஸ் செட்டிங்கையும் ஸ்ட்ரிப்ல வந்த அளவுக்கு மாத்தச் சொல்லுங்க, இன்ஸ்டால் பண்ண வர்றவர் கிளம்பறதுக்கு முன்னாடி பக்கத்துல நின்னு மாத்த வைங்க.

கிரானைட்டை உடைக்க வேண்டியதில்ல. பெரிய மிஷின் 60 செ.மீ. அகலம், சுமார் 85 செ.மீ. உயரம், நம்ம மேடை பல வீட்டுல அதைவிடக் குள்ளம். மேல் மூடியைக் கழட்டினா கொஞ்சம் உயரம் குறையற மாடல் இருக்கு, அதுவும் பத்தலேன்னா மேடைக்கு வெளியில, சிங்க் இருக்கற சுவரோரமா வைங்க. மேடைக்கு அடியிலதான் வேணும்னா டேப் வெச்சு அளங்க, நடுவுல கடப்பா கல் தட்டு இருந்தா அதை மட்டும் எடுக்க வேண்டி வரும்.

தண்ணி பிரஷரைப் பாக்க மறந்துடாதீங்க. டேங்க் 10 மீட்டர் உயரத்துல இருந்தாத்தான் ஒரு பார் (பிரஷரை அளக்கற அளவு) கிடைக்கும், உங்க தரைத்தள வீட்டுல மூணு மீட்டர்னா 0.3 பார்தான், பல மாடல் குறைஞ்சபட்சமே 0.3-லேர்ந்து 0.5 வரைக்கும் கேக்கும். பத்தலேன்னா அந்த லைனுக்கு சின்ன பிரஷர் பம்ப். வாஷிங் மிஷினுக்குப் போடற அதே முக்கால் இன்ச் டேப் போதும். அழுக்குத் தண்ணி ஹோஸைத் தரையில இருக்கற ஓட்டையில அப்படியே விட விடாதீங்க, உள்ள நிக்க வேண்டிய தண்ணியும் தானா இழுத்துட்டுப் போயிடும். மேடை உயரத்துக்கு ஒரு வளைவு ஏத்தி அப்புறம் சிங்க் பைப்ல சேக்கணும். கரண்டுக்கு எர்த்தோட 16 ஆம்ப் பாயிண்ட் தனியா வேணும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

இரும்பு தோசைக்கல், ஈயச்சொம்பு, கல்சட்டி, மரக்கரண்டி இதெல்லாம் உள்ள போடாதீங்க, அலுமினியம் கறுத்துடும். பித்தளையும் கையாலதான். ஆனா மணிக்கட்டை நோகடிக்கற எவர்சில்வர் தட்டு, டம்ளர், குக்கர் உள் டப்பா அத்தனையும் போகும்.

கேள்வி: ஏற்காட்டுல ஹோம்ஸ்டே நடத்தறோம். மார்கழியில தண்ணி ஐஸா இருக்கு, கீசர் லைனை டிஷ்வாஷருக்குக் குடுக்கலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: 60 டிகிரி வரைக்கும் வெந்நீர் ஏத்துக்கற மாடல் நிறைய இருக்கு, மேனுவலைப் பாத்துட்டுக் குடுங்க. ஆனா ஒரு வாஷுக்கே பத்துப் பன்னெண்டு லிட்டர்தான் செலவாகும், அதையும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் இழுக்கும், கீசர் தூரத்துல இருந்தா பைப்ல நிக்கற பச்சைத் தண்ணிதான் உள்ள போகும். கீசர் கிச்சன் சுவருக்குப் பின்னாடியே இருந்தா மட்டும் லைன் இழுங்க, இல்லேன்னா குளிர்ந்த தண்ணியே விடுங்க, நேரம் கொஞ்சம் கூடும், மிஷினே சூடு பண்ணிக்கும்.