மெழுகுவர்த்தி அணையாவிட்டால் மாஸ்க் நல்லதா?

(இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் மாஸ்க் தைத்துக் கொடுக்கும் மாணவர் குழுக்களைப் பற்றியவை. துணி ஆய்வுக்கூடத்தில் காலம் தள்ளியவள் என்பதால் கடிதக் கட்டை என் பக்கம் தள்ளிவிட்டார் ஆசிரியர்.)

கேள்வி: எங்கள் குழு தைக்கும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு மெழுகுவர்த்தியை ஊதிப் பார்க்கிறோம். அணையவில்லை என்றால் தேறியது என்று கொடுத்துவிடுகிறோம். இது போதுமா அம்மா? – இயற்பியல் மாணவர் ஒருவர்

பதில்: போதாது தம்பி. சுடர் அணையவில்லை என்றால் உங்கள் ஊதல் நேராக முன்னால் போகவில்லை, அவ்வளவுதான் தெரிகிறது. காற்று கன்னத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பீறிட்டிருந்தாலும் சுடர் அசையாது. மழைக்கோட்டுத் துணியில் ஒரு மாஸ்க் தைத்து ஊதுங்கள், உங்கள் சோதனையில் முதல் மதிப்பெண் அதற்குத்தான். போட்டவர் பாடு திண்டாட்டம்.

மாஸ்க்கை எல்லோரும் சல்லடையாக நினைத்துக்கொள்கிறோம். உள்ளே நடப்பது வேறு. பெரிய துகள் வேகமாக வருகிறது. காற்று இழையைச் சுற்றி வளையும்போது தன்னால் வளைய முடியாமல் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சின்னது காற்று மூலக்கூறுகளிடம் இடிபட்டுத் தாறுமாறாக அலைந்து எங்காவது மாட்டுகிறது. நடுவில், சுமார் 0.3 மைக்ரான் அளவில் இருக்கிறதே, அதுதான் இரண்டுக்கும் சிக்காமல் நழுவும் ஆள். சோதனைக்கூடங்கள் அந்த அளவைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இதனால்தான்.

உங்கள் துறையில் துகள் எண்ணும் கருவி இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஒரு குழாயின் வாயில் துணியை இறுக்கிக் கட்டி, நெபுலைசரில் (திரவத்தை நுண்துளியாக்கும் கருவி) உப்புக்கரைசலைத் தூவி, துணிக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள். அதே குழாயில் மூச்சுத்தடையையும் அளந்துவிடலாம். தண்ணீர் நிரப்பிய யூ வடிவக் குழாய் போதும். அதைச் சாய்த்து வைத்தால் ஓரிரு மில்லிமீட்டர் மாற்றமும் கண்ணுக்குத் தெரியும். எல்லாத் துணிக்கும் காற்றின் வேகம் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பயனில்லை. வடிகட்டல், மூச்சுத்தடை இரண்டு எண்களையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏஎஸ்டிஎம் 2021ல் கொண்டுவந்த எஃப்3502 என்ற மாஸ்க் தரநிலையும் இரண்டையும்தான் கேட்கிறது. அதில் முதல் நிலைக்குக் குறைந்தது 20 சதவீத வடிகட்டல் வேண்டும். தடை 15 மில்லிமீட்டர் நீர் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது.

பேசும்போது தெறிக்கும் துளிகளை லேசர் ஒளியில் படம் பிடிக்கும் முறையையும் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். 2020ல் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்து காட்டினார்கள். பார்க்க அழகாக இருக்கும், நுண்துகளுக்கு உதவாது. செய்வதென்றால் கண் பத்திரம்.

கேள்வி: எந்தத் துணி நல்லது? – தையல் பொறுப்பில் இருக்கும் மாணவி

பதில்: 2020 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன மூன்றடுக்குதான் இன்றும் நல்ல தொடக்கம். முகத்தை ஒட்டி ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் நெய்யாத பாலிப்ரொப்பிலீன், வெளியே தண்ணீர் ஒட்டாத பாலியெஸ்டர். இழுத்தால் நீளும் பனியன் துணியைத் தவிர்த்துவிடுங்கள், மாட்டியதுமே இழைகளுக்கு நடுவே உள்ள துளைகள் விரியும். கண்ணாடி இழை கலந்த ஏசி ஃபில்டரை வெட்டி நடுவில் வைக்கிற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: துணியைக் குழாயில் வைத்துச் சோதித்தால் நன்றாக வடிகட்டுகிறது. முகத்தில் மாட்டினால் எண் பாதிக்குமேல் விழுந்துவிடுகிறது. துணியை மாற்றலாமா? – பொறியியல் மாணவர்

பதில்: இந்த வாரத்தின் நல்ல கேள்வி இதுதான். துணியைத் தொடாதீர்கள், ஓரத்தைப் பாருங்கள்.

காற்றுக்குச் சுலபமான வழிதான் வேண்டும். மூக்கின் இரு பக்கமும் விரல்நுனி நுழையும் இடைவெளி இருந்தால், துணிக்குள் முட்டி மோதாமல் அந்த வழியாகப் போய்விடும். இதில் ஒரு வேடிக்கை: துணியை எவ்வளவு கெட்டியாக்குகிறீர்களோ, அவ்வளவு காற்று ஓரத்துக்குத் திரும்பும். நான்காவது அடுக்கு சேர்த்ததும் எண் குறைந்தது என்று இன்னொரு குழு புலம்பி எழுதியிருக்கிறது. அவர்களுக்கும் இதுதான் பதில்.

மூக்குக் கம்பியை நீளமாகவும் வளைத்தால் நிற்கிற மாதிரியும் வையுங்கள். காதுப் பட்டையைவிடத் தலைக்குப் பின்னால் கட்டும் நாடா நன்றாக அமர்கிறது, போடச் சோம்பேறித்தனம்தான் தடை. மூன்று அளவிலாவது தையுங்கள். ஓரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2021 பிப்ரவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். செயற்கை இருமலின் துகள்களில் சாதாரண மருத்துவ மாஸ்க் சுமார் 56 சதவீதத்தைத் தடுத்தது. அதே மாஸ்க்கின் காதுப் பட்டைகளை ஓரத்தில் முடிச்சுப் போட்டு, பக்கவாட்டு மடிப்பை உள்ளே செருகியதும் 77 சதவீதம். மேலே ஒரு துணி மாஸ்க் போட்டு அழுத்தியபோது 85. 56 எழுபத்தேழானபோது துணி மாறவில்லை பாருங்கள், முடிச்சும் மடிப்பும்தான் மாறின.

ஓரத்தில் கசிகிறதா என்று அறிய, சாக்கரின் என்னும் இனிப்புப் பொருளைத் தெளித்து இனிப்பு தெரிகிறதா என்று பார்க்கும் முறை என்95 வகைக்கானது. துணி மாஸ்க் போட்டவருக்கு உடனே இனிக்கும், அதில் நீங்கள் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. என்95க்குச் செய்தால், முதலில் மாஸ்க் இல்லாமல் அவருக்கு அந்தச் சுவை தெரிகிறதா என்று பாருங்கள், சிலருக்குத் தெரியாது. தலையைத் திருப்பி, குனிந்து, பேசிக்கொண்டே சோதிக்கச் சொல்லுங்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும் முகத்தில் எல்லா மாஸ்க்கும் பொருந்தும்.

கேள்வி: எங்கள் மாஸ்க் சோதனையில் 90 சதவீதத்துக்குமேல் வந்தது. உறையில் 'என்95க்கு நிகர்' என்று போடலாமா?

பதில்: கூடாது. என்95 என்பது நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்றோட்டத்தில் உப்புத் துகளைச் செலுத்தி, குறைந்தது 95 சதவீதம் தடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்த சான்று. உங்களுக்கு வந்த எண் ஒரு துண்டுத் துணியின் எண். உறையை நம்பி ஒருவர் நோயாளியின் அறைக்குள் போய்விட்டால் யார் பொறுப்பு? எத்தனை அடுக்கு, என்ன துணி, எப்படித் துவைப்பது, இரண்டு வயதுக்குக் கீழே போடக்கூடாது, இவ்வளவு எழுதினால் போதும்.

கேள்வி: பழைய என்95ஐ சோப்பில் துவைத்துக் கொடுக்கலாமா? – செவிலியர் மாணவி

பதில்: வேண்டாம். அதன் நடு அடுக்கு இழைகளில், துகளை இழுத்துப் பிடிக்க மின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கிறது. அதை ஏற்றும் வழியை 1990களில் மேம்படுத்தியவர் விஞ்ஞானி பீட்டர் சாய். சோப்பும் ஆல்கஹாலும் அந்த மின்னூட்டத்தைக் கொன்றுவிடும். பார்க்கப் புதுசாக இருக்கும், வேலை செய்யாது.

கேள்வி: 'பிள்ளைகள் பொழுதுபோகாமல் தைக்கிறார்கள்' என்கிறார் என் அண்ணன். – கோபத்துடன் ஒரு தங்கை

பதில்: 1910ன் கடைசியில் சீனாவின் மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது, பஞ்சையும் மெல்லிய துணியையும் மடித்து முகத்தில் கட்டச் சொன்ன மருத்துவர் வூ லியன்-தேவுக்கு வயது 31. அதை மதிக்காமல் வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்த்த மூத்த மருத்துவர் மெஸ்னி அந்த நோயிலேயே இறந்தார். அண்ணனிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நாடா வெட்டும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: காது கேளாதவர்களுக்கு உதடு தெரிகிற மாஸ்க் செய்ய ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பிளாஸ்டிக் ஜன்னல் வழியே மூச்சு போகாது. எனவே மிச்சமிருக்கும் துணிதான் முழுக் காற்றையும் சுமக்கும். ஜன்னலைச் சின்னதாகவும் சுற்றுத் துணியைப் பெரிதாகவும் வையுங்கள். ஆவி படியாமலிருக்கப் பிளாஸ்டிக்கின் உட்பக்கம் துளி சோப்பைத் தடவித் துடைத்தால் சிறிது நேரம் தாங்கும். அப்புறம், தைத்து முடித்ததும் முதலில் காது கேளாத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் பேசி, அவருக்குப் புரிகிறதா என்று கேளுங்கள். துகள் எண்ணும் கருவி அதற்குப் பிறகு வரட்டும்.