அவளிடம் கேட்க வேண்டியது

அன்புள்ள ஐயா,

தீவிரவாத இயக்கங்களில் இருக்கும் பெண்கள் எல்லோரும் கணவனோ காதலனோ இழுத்துக்கொண்டு போனவர்கள்தானே? தானாகவா போய் ஒரு பெண் அங்கே நிற்பாள்? அவர்களைக் குற்றவாளி என்பது அநியாயமாகப் படுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் இரக்கம் புரிகிறது. ஆனால் பெண்ணுக்குச் சொந்தமாக வெறுக்கத் தெரியாது என்ற நம்பிக்கையும் அதில் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்காவில் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி இயக்கத்துக்கு 1923-இல் பெண்கள் அமைப்பு தனியாகவே உருவானது. இண்டியானா மாநிலத்தில் அது வேகமாகப் பரவியது. அந்தப் பெண்களின் ஆயுதம் பேச்சுதான். யூதர் கடையில் வாங்காதே, கத்தோலிக்க ஆசிரியரைப் பள்ளியில் வைக்காதே என்று காதும் காதும் வைத்தாற்போல வீடு வீடாகப் பரப்பினார்கள். வியாபாரிகள் நொடித்துப் போனார்கள். ஆசிரியர்களுக்கு வேலை போனது. இந்தப் பெண்களில் சிலர் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று பாடுபட்டவர்கள்! இதை முதலில் படித்தபோது இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை. யாரும் அவர்களை இழுத்துப் போகவில்லை.

சரி, அப்படியானால் உள்ளே போன பெண்ணுக்குக் கொடுமையே நடப்பதில்லையா? நடக்கிறது. கொலம்பியாவில் அரசை எதிர்த்துப் போரிட்ட ஃபார்க் என்ற இடதுசாரி கெரில்லா இயக்கத்தைப் பாருங்கள். வீட்டில் அடி தாங்காமல் தாங்களாகவே காட்டுக்குப் போன பெண்கள் அதில் உண்டு. அங்கே ஆணுக்குத் தரும் அதே துப்பாக்கி, அதே இரவுக் காவல். ஆனால் பிள்ளை மட்டும் பெறக்கூடாது. கருத்தடை கட்டாயம். மீறிக் கருவுற்றால் கலைக்கச் சொன்னார்கள். சிறுமியாக இருந்தபோதே சேர்க்கப்பட்டு, பிறகு கட்டாயக் கருக்கலைப்புக்கு ஆளான முன்னாள் போராளி ஒருவரை, போரில் பாதிக்கப்பட்டவர் என்று 2019-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயுதம் ஏந்தியவள் என்பதற்காக அவளுக்கு நேர்ந்தது இல்லை என்று ஆகிவிடாது. இந்தத் தீர்ப்பைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அதனால் திரும்பி வரும் பெண்ணிடம் ‘உன்னை யார் கூட்டிப் போனது?’ என்று மட்டும் கேட்டால் போதாது. அங்கே நீ என்ன செய்தாய், உன்னை என்ன செய்தார்கள், இரண்டையும் கேட்க வேண்டும். முதல் கேள்வியை விட்டால் அவளால் செத்தவர்களுக்குத் துரோகம். இரண்டாவதை விட்டால் அவளுக்கு.

அப்புறம் ஒன்று. 2016-இல் அரசோடு சமாதான உடன்படிக்கை வந்ததும், அதே ஃபார்க் பெண்கள் தங்கியிருந்த முகாம்களில் குழந்தைகள் வரிசையாகப் பிறந்தன. அத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறார்கள்.