வடதுருவக் குட்டைகளில் எந்த நுண்பாசி எங்கே வாழும்? கேள்விகளும் பதில்களும்

வடதுருவப் பகுதியின் சிறு குட்டைகளில் வாழும் நுண்பாசிகள் பற்றி, முக்கியமாக டயாட்டம் பற்றி, வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கனடாவின் வடகோடித் தீவுகளிலிருந்துதான் வரும். நீண்ட காலம் விடாமல் கவனிக்கப்பட்ட குட்டைகள் அங்கே இருக்கின்றன.

மேடம், அடிப்படையிலிருந்து கேட்கிறேன். டயாட்டம் என்றால் என்ன? மற்ற பாசிகளை விட்டுவிட்டு ஏன் இதையே எண்ணுகிறார்கள்?

ஒற்றைச் செல் பாசி. தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும். டப்பாவும் மூடியும் போல இரண்டு பாதிகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கும். ஓட்டின் வடிவமும் அதன்மேல் உள்ள நுண்ணிய கோடுகளும் துளைகளும் இனத்துக்கு இனம் மாறும், அதனால் ஓட்டை வைத்தே இனத்தைச் சொல்லலாம். செல் செத்த பிறகும் ஓடு சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும். சேற்றை ஹைட்ரஜன் பெராக்சைடிலோ அமிலத்திலோ சூடாக்கினால் கரிமப் பொருள் போய்விடும். மிச்சத்தை 1000 மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, ஒரு மாதிரிக்கு 300 முதல் 500 ஓடுகள் வரை எண்ணுவது வழக்கம்.

எண்ணுவது டயாட்டத்தை என்பதால் குட்டையில் அதுதான் அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். பல துருவக் குட்டைகளின் அடியில் நீலப்பச்சைப் பாசிகள் கனமான விரிப்பாகப் படர்ந்திருக்கும்.

குளிர்காலத்தில் குட்டை முழுக்க உறைந்துவிடாதா? அப்புறம் எப்படிப் பிழைக்கிறது?

உறைந்துவிடும். ஏறக்குறைய 2 மீட்டருக்கும் குறைந்த ஆழம் என்றால் அங்கே அடி வரைக்கும் ஐஸ்தான். அதனால்தான் இந்தக் குட்டைகளில் மீன் கிடையாது. டயாட்டம் செயலடங்கி, சேற்றிலும் மாஸ் எனப்படும் பூக்காத சிறு செடிகளின் இலையிடுக்கிலும் கிடக்கும். கோடையில் ஐஸ் உருகியதும் மறுபடி பெருகத் தொடங்கும். அப்போது 24 மணி நேரமும் வெளிச்சம். ஆழம் குறைவு என்பதால் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், வெயில் நாட்களில் 10 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. சில வாரங்களே கிடைத்தாலும் அவை நல்ல வாரங்கள்.

அப்படியானால் எந்த இனம் எங்கே வாழும் என்பதை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறதா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். வெப்பநிலை முக்கியம், ஆனால் அது பெரும்பாலும் சுற்றுவழியில் வேலை செய்கிறது. ஐஸ் எத்தனை நாள் மூடியிருக்கிறது என்பதுதான் என் பார்வையில் முதல் கேள்வி.

குளிர்ந்த கோடையில் கரையோரம் மட்டும் ஒரு பட்டை உருகும், நடுவில் ஐஸ் நிற்கும். வளரும் காலமும் குறைவு, ஒட்டி வாழ இடமும் குறைவு. பிராஜிலேரியா வகையைச் சேர்ந்த மிகச் சிறிய டயாட்டங்கள் இதைத் தாங்கும். சேற்றின் மேல் அவை மட்டுமே பெருங்கூட்டமாக இருக்கும் குட்டைகள் உண்டு. ஐஸ் சீக்கிரம் விலகத் தொடங்கினால் கரையில் மாஸ் வளர நேரம் கிடைக்கிறது. மாஸ் வந்தால் அதில் ஒட்டி வாழும் டயாட்டங்கள் வரும், அப்புறம் காம்பு விட்டு நிமிர்ந்து நிற்பவை, ஊர்ந்து திரிபவை என்று பட்டியல் நீளும். ஆழமான ஏரிகளில் திறந்த நீர் அதிக நாள் கிடைத்தால் சைக்ளோடெல்லா போன்ற மிதக்கும் வகைகளும் பெருகும். காற்று வெப்பம் 1 டிகிரி கூடியதை டயாட்டம் நேரடியாக உணர்கிறதா என்பதைவிட, அந்த 1 டிகிரி ஐஸை எத்தனை நாள் முன்னதாக விலக்கியது என்று கேட்பதே பயன் தரும்.

அக்கா, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குட்டைகளில்கூட வேறு வேறு இனங்கள் இருக்கின்றன என்று படித்தேன். வானிலை ஒன்றுதானே?

வானிலை ஒன்று, தண்ணீர் வேறு. சுண்ணாம்புப் பாறை மேல் இருக்கும் குட்டை காரத்தன்மை கொண்டதாக இருக்கும். கிரானைட்டோ மட்கிய தாவரக் கழிவோ சூழ்ந்திருந்தால் அமிலப் பக்கம் சாயும், யூனோஷியா போன்ற டயாட்டங்கள் அங்கே தலைகாட்டும். கடல் பக்கத்தில் இருந்தால் அலைத்துளி காற்றில் வந்து உப்பைச் சேர்க்கும். உப்பும் தாதுக்களும் கூடினால் மின்கடத்துதிறன் கூடும், இனப்பட்டியலும் மாறும். உறைமண் (ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண்) உருகி உண்டான குட்டைகளில் நீர் தேநீர் நிறத்தில் கறுத்திருந்தால் வெளிச்சம் அடி வரை போகாது.

ஒரே குட்டைக்குள்ளும் கல்லின் மேல் ஒரு கூட்டம், சேற்றில் ஒன்று, மாஸில் இன்னொன்று. குட்டைகளை ஒப்பிடும்போது இதை மறந்தால் கணக்கு தப்பாகிவிடும்.

பறவைகள், மனிதர்கள் காரணமாக மாறுமா?

நன்றாகவே மாறும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணங்கள் இரண்டும் இங்கேதான் வருகின்றன.

டெவன் தீவில் கேப் வேரா என்ற இடத்தில் செங்குத்துப் பாறையில் ஃபுல்மர் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. அவை கடலில் தின்று வந்து போடும் எச்சம் பாறைக்குக் கீழே உள்ள குட்டைகளுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் தருகிறது. சத்து மிகக் குறைந்த துருவ நிலத்தில் அந்தக் குட்டைகள் பச்சையாக நிற்கின்றன. கூடவே பாதரசமும் டிடிடியும் கடலிலிருந்து பறவை வழியாகவே வந்து சேர்வதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இன்னொன்று சோமர்செட் தீவு. இனுவிட் மக்களின் முன்னோர்களான தூலே மக்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன்பு அங்கே வில்தலைத் திமிங்கிலங்களை வேட்டையாடி, அவற்றின் எலும்பை வைத்தே குளிர்கால வீடுகள் கட்டினார்கள். இறைச்சியும் எலும்பும் மட்கிப் பக்கத்துக் குட்டைக்குச் சத்து சேர்த்தன. மாஸ் பெருகியது, மாஸில் வாழும் டயாட்டங்களும் பெருகின. இந்த மாற்றம் சேற்று அடுக்குகளில் பதிவாகியிருக்கிறது. மக்கள் அந்த ஊரை விட்டுப் போய் நூற்றாண்டுகள் ஆன பிறகும் அந்தக் குட்டையில் சத்து அதிகமாகவே இருக்கிறது. குளிர் நிலத்தில் மட்குவதும் மெதுவாக, மறைவதும் மெதுவாக.

நுண்ணுயிர்கள் காற்றில் எங்கும் போகும், சூழல்தான் தேர்ந்தெடுக்கும் என்கிறார்களே. சரியா?

டச்சு நுண்ணுயிரியலாளர் பாஸ் பெக்கிங் 1934-இல் முன்வைத்த கருத்து அது. பாதி சரி. காற்றும் நீர்ப்பறவைகளும் டயாட்டத்தைச் சுமந்து செல்கின்றன, வடதுருவத் தீவுகளுக்கிடையே பல இனங்கள் பொதுவானவை. ஆனால் அண்டார்டிகாவில் வேறெங்கும் இல்லாத டயாட்டம் இனங்கள் நிறைய இருக்கின்றன. பெருங்கடல் சுற்றி வளைத்திருக்கும் கண்டத்துக்கு எல்லாமும் போய்ச் சேர்வதில்லை.

டயாட்டம் மாறியதற்குக் காலநிலைதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? மாசு, ஓடு கரைவது என்று வேறு காரணங்கள் இருக்கலாமே?

சரியான சந்தேகம். எல்ஸ்மியர் தீவின் கேப் ஹெர்ஷலில் ஜான் ஸ்மோல், மரியான் டக்ளஸ் என்ற ஆய்வாளர்கள் 1983 முதல் குட்டைகளைக் கவனித்து வந்தார்கள். 1994-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பல ஆயிரம் ஆண்டுகள் அதிகம் மாறாமல் இருந்த டயாட்டம் கூட்டம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வெகுவாக மாறியது தெரிந்தது. அமில மழை என்றால் அமிலம் விரும்பும் இனங்கள் கூடியிருக்க வேண்டும், அது நடக்கவில்லை. ஓடு கரைவதுதான் காரணம் என்றால் பழைய அடுக்குகளில் மெல்லிய ஓடுகள் அரிக்கப்பட்டுக் கிடக்க வேண்டும், அப்படியும் இல்லை. என்னைப் பொறுத்தவரை வலுவான சான்று வேறொன்று: ஆழமில்லாத குட்டைகள் முதலில் மாறின, ஐஸ் நீண்ட நாள் நிற்கும் ஆழமான ஏரிகள் பின்னால்தான் மாறின. காரணம் ஐஸ் என்றால் இந்த வரிசையில்தான் நடக்க வேண்டும்.

அதன்பின் நடந்தது இன்னும் கவலை தருவது. ஐஸ் இல்லாத காலம் நீண்டதால் ஆவியாதல் கூடியது, மின்கடத்துதிறன் உயர்ந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலையாக இருந்த குட்டைகளில் சில 2006 கோடையில் முழுவதும் வற்றிவிட்டன. நல்ல நீளமான பதிவு உள்ள இடத்திலேயே, ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே அவை போனது எனக்கு இன்றும் வருத்தமான விஷயம்.

பனியின் மேல் சிவப்பாகப் படர்வதும் டயாட்டம்தானா?

இல்லை. அது கிளாமிடோமோனஸ் போன்ற பச்சைப் பாசி. வெயிலைத் தாங்கச் சிவப்பு நிறமியைச் சேர்த்துக்கொள்கிறது.

முதுகலை மாணவன். குளிர்ப்பகுதிக் குட்டையில் மாதிரி எடுக்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

கல், மாஸ், மேற்சேறு மூன்றையும் தனித்தனிக் குப்பியில் எடுங்கள், ஒன்றாகக் கலக்க வேண்டாம். கல்லைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம், ஒவ்வொரு குட்டைக்கும் புதுப் பிரஷ். மாஸைப் பிழிந்த நீரோடு செடியில் கொஞ்சமும் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மாஸ் எந்த இனம் என்று பார்க்க உதவும். அமிலகாரத்தன்மை, மின்கடத்துதிறன், நீர் வெப்பம் இவற்றை அங்கேயே அளந்துவிடுங்கள், ஊருக்கு வந்து அளந்தால் மாறியிருக்கும். ஆழத்தையும் எழுதுங்கள். ஐஸ் எப்போது விலகியது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியும் அதை உங்களுக்குப் பின்னால் போய் அளந்து தராது.