மேக்வெல் மாட்டிய கிளாக் 34 எந்த டிவிஷனில் போகும்?

டெக்சாஸில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஐடிபிஏ (தற்காப்புப் பிஸ்டல் சுடும் பந்தய அமைப்பு) போட்டிகளுக்குப் புதிதாகப் போக ஆரம்பித்திருக்கிறேன். என்னிடம் கிளாக் 34 பிஸ்டல் இருக்கிறது. அதில் அலுமினிய மேக்வெல் (தோட்டா அடைத்த மேகசின் எளிதாக உள்ளே போக, பிடியின் அடியில் மாட்டும் புனல் போன்ற வாய்) ஒன்றை மாட்டிவிட்டேன். இப்போது எஸ்எஸ்பி டிவிஷனில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறார் நண்பர். ரெட் டாட் (குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி) போடும் யோசனையும் உண்டு. தோட்டாவை நானே தயாரிக்கிறேன். 147 கிரெயின் எடையுள்ள புல்லட், வினாடிக்கு 850 அடி வேகம். எதை மாற்ற வேண்டும்?"

நண்பர் சொன்னது சரிதான். எஸ்எஸ்பி என்பது தினமும் இடுப்பில் இருக்கும் சாதாரண பிஸ்டலுக்கான டிவிஷன், அதில் தனியாக வாங்கி மாட்டும் மேக்வெல்லுக்கு இடமில்லை. அதைக் கழற்றாவிட்டால் நீங்கள் மேம்படுத்திய பிஸ்டலுக்கான இஎஸ்பி டிவிஷனில்தான் நிற்க வேண்டும். ரெட் டாட் போட்டால் இரண்டுமே இல்லை, கேரி ஆப்டிக்ஸ் டிவிஷனுக்குப் போய்விடுவீர்கள். இதனால்தான் புதிதாக வருபவர்களிடம் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வேன்: முதலில் டிவிஷனை முடிவு செய்யுங்கள், பாகம் வாங்குவதெல்லாம் அப்புறம்.

இவ்வளவு கறார் ஏன் என்றால், 1996-ல் பில் வில்சன், கென் ஹாக்கத்தான் போன்றவர்கள் ஐடிபிஏ-வைத் தொடங்கியதே, போட்டிக்கென்றே செதுக்கிய துப்பாக்கிகள் மற்ற பந்தயங்களை ஆக்கிரமித்துவிட்டதால்தான். தற்காப்புக்காக ஒருவர் உண்மையிலேயே சட்டைக்கடியில் வைத்துக்கொள்ளும் பிஸ்டலுக்கு ஒரு களம் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம், விதிகள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

அப்புறம், துப்பாக்கியின் அளவைச் சோதிக்கும் பெட்டி. காலி மேகசினைச் செருகிய நிலையில் பிஸ்டல் 8.75 அங்குல நீளம், 6 அங்குல உயரம், 1.625 அங்குல அகலமுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். மில்லிமீட்டரில் பார்த்தால் நீளம் 222.25. உங்கள் கிளாக் 34-ன் நீளம் 222. அதாவது கால் மில்லிமீட்டர்தான் மிச்சம், பின்பக்கம் எதையாவது துருத்திக்கொண்டு நிற்கிற மாதிரி மாட்டினால் கதை முடிந்தது. உயரத்தில் பயப்பட வேண்டாம், மேகசினோடு சேர்த்து 139 மில்லிமீட்டர், பெட்டியோ 152.4. ஆனால் மேக்வெல்லும் அதற்கு ஈடாக நீளமான பேஸ்பேடும் (மேகசினின் அடிமூடி) சேர்ந்தால் இந்த 13 மில்லிமீட்டர் சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் இருப்பதிலேயே பெரிய மேகசினைச் செருகி வீட்டிலேயே அளந்து பாருங்கள்.

டிரிகரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உள்வேலை செய்து இழுவையை மென்மையாக்குவது பிரச்சினையில்லை. ஆனால் துப்பாக்கியோடு வந்த எந்தப் பாதுகாப்பு அமைப்பையும் செயலிழக்கச் செய்யக் கூடாது, எந்த டிவிஷனாக இருந்தாலும் சரி. இதில் மட்டும் யார் என்ன யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் தோட்டாதான். தோட்டாவின் வலுவைக் காட்டும் பவர் ஃபேக்டர் கணக்கு எளிது, புல்லட்டின் கிரெயின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். எஸ்எஸ்பி, இஎஸ்பி இரண்டுக்கும் குறைந்தது 125 வேண்டும். 147-ஐ 850-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,24,950 வருகிறது, அதாவது 124.95. அதை 125 என்று யாரும் உங்களுக்காக முழுமையாக்கித் தர மாட்டார்கள். உள்ளூர் கிளப் போட்டியில் யாரும் அளக்காமல் விட்டுவிடலாம், ஆனால் பெரிய போட்டியில் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் வைத்து உங்கள் தோட்டாவை உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டுப் பார்ப்பார்கள். ஒரே கலவையில் செய்த தோட்டாக்களே ஒன்றுக்கொன்று வேகத்தில் கொஞ்சம் வேறுபடும், குளிர் நாளில் வேகம் குறையவும் செய்யும். ஆகவே எல்லைக்கோட்டில் நிற்காமல் 880-க்கு ஏற்றுங்கள், 129.36 கிடைக்கும். வேகத்தை ஏற்ற வெடிமருந்தைக் கூட்டும்போது, அந்த வெடிமருந்துக்கான கையேட்டில் உள்ள உச்ச அளவைத் தாண்டாமல் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும்.

சரி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? மேக்வெல்லைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்பி-யில் ஒரு சீசன் சுடுவேன். மேகசின் மாற்றும்போது மேக்வெல் கொஞ்சம் உதவும்தான், ஆனால் இலக்கின் நடு வளையத்தை விட்டு அடுத்த வளையத்தில் குண்டு பட்டாலே உங்கள் நேரத்தோடு 1 வினாடி அபராதமாகச் சேரும், அதற்கும் வெளியே போனால் 3 வினாடி, தவறிப்போய் அப்பாவி என்று குறித்த இலக்கில் பட்டால் 5 வினாடி. ஓர் அலுமினியத் துண்டு மிச்சம் பிடிக்கும் நேரத்தை ஒரே ஒரு அவசரக் குண்டு தின்றுவிடும். ரெட் டாட்டையும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

உடையையும் கவனியுங்கள். இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும்போது முன்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ துப்பாக்கி தெரியக் கூடாது. கிளாக் 34-ன் நீண்ட ஸ்லைடுக்குக் குட்டையான மேல்சட்டை போதாது, கண்ணாடி முன் ஒருமுறை நின்று பாருங்கள். மேகசினில் எத்தனை தோட்டா என்பதை மட்டும் பழைய பதிவுகளைப் படித்து முடிவு செய்யாதீர்கள், விதிப்புத்தகம் அவ்வப்போது திருத்தப்படுகிறது, ஐடிபிஏ தளத்தில் நடப்புப் பதிப்பு இருக்கிறது, உங்கள் டிவிஷனுக்கான பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.