மண்டியிலிருந்து வந்த குட்டியும் வீட்டுப் பூனைகளும்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் எங்களுடையது ஓட்டு வீடு. ஆறு வயதுப் பெட்டைப் பூனையும் அதன் மகனான மூன்று வயதுக் கடுவனும் இருக்கின்றன. போன வாரம் மாம்பழ மண்டியில் திரிந்த ஐந்து மாதப் பெட்டைக் குட்டியைத் தூக்கி வந்தோம். அன்றே மூன்றையும் ஒன்றாக விட்டோம். பெரியது குட்டியை அடித்து விரட்டியது. குட்டி பீரோ மேலிருந்து இறங்குவதில்லை. கடுவன் சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சுகிறது. "நாலு நாள் அடிச்சுக்கிட்டு தானா ஒத்துப்போயிடும்" என்கிறார் மாமியார். மண்டியிலேயே திரும்ப விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். மாமியார் சொல்வது தோட்டத்தில் திரியும் பூனைகளுக்குப் பொருந்தலாம். அங்கே ஒன்றுக்கொன்று விலகிப்போக இடம் உண்டு. நான்கு சுவருக்குள் அது நடக்காது. முதல் நாள் வாங்கிய அடி குட்டிக்கும் மறக்காது, அடித்ததற்கும் மறக்காது. அதனால் குட்டி இன்றுதான் வீட்டுக்கு வந்தது என்று வைத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

குட்டியைத் தனி அறையில் அடையுங்கள். குறைந்தது இரண்டு வாரம். சண்டையைத் தவிர்க்க மட்டுமல்ல, நோய்க்காகவும்தான். தடுப்பூசி போடாத பூனைகளைத் தாக்கும் பான்லுகோபீனியா என்ற வைரஸ் நோய் வாந்தி, பேதி என்று தொடங்கிக் குட்டிகளைச் சில நாளில் கொன்றுவிடும். அந்தக் கிருமி வீட்டுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூன்றுக்கும் அந்தத் தடுப்பூசியும் வெறிநாய்க்கடி தடுப்பூசியும் போட்டாயிற்றா என்று பாருங்கள். நம் பக்கத்து மருத்துவர்களிடம் மாடும் ஆடும்தான் அதிகம் வரும். பூனை ஊசி கையிருப்பில் உண்டா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். குடற்புழு மருந்தும் கேளுங்கள்.

ஓட்டு வீட்டில் ஒரு சிக்கல்: பல வீடுகளில் உள்சுவர் கூரையைத் தொடாது. கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள், பூனை சுவர் மேலேறி அந்தப்பக்கம் குதிக்கும். அந்த இடைவெளியை வலை கட்டி அடையுங்கள். அறையில் எலி மருந்து கிடந்தால் முதலில் அதை வெளியேற்றுங்கள்.

பூனைக்கு முகத்தைவிட வாசனைதான் அறிமுகம். பழைய வேட்டித்துணியால் குட்டியின் கன்னத்தையும் தாடையையும் தடவி, பெரியவற்றின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். அவற்றைத் தடவிய துணி குட்டியிடம் போகட்டும். துணியைப் பார்த்துச் சீறினால் தட்டிலிருந்து தள்ளிப் போடுங்கள். மோந்துவிட்டு அலட்சியமாகச் சாப்பிட ஆரம்பித்தால் அடுத்த கட்டம்: மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. முள் எடுத்து வேகவைத்த மீன் போதும். கருவாட்டுக்கு மயங்காத பூனை இல்லைதான், ஆனால் உப்பு அதிகம்.

பிறகு பார்வை. கொசுவலைக் கதவு இருந்தால் நல்லது. வலைக்கு அந்தப்பக்கம் குட்டி, இந்தப்பக்கம் பெரியவை, நடுவில் தாராளமான தூரம். சீறலும் உறுமலும் எல்லோரையும் பயமுறுத்தும். எனக்கு அவை பெரிய கவலை இல்லை, "கிட்ட வராதே" என்று சொல்லிவிட்டு விலகும் பூனை நல்ல பூனை. சத்தமே இல்லாமல், இமைக்காமல், உடம்பைத் தாழ்த்தி உற்றுப் பார்ப்பதுதான் ஆபத்து. நடுவே ஒரு அட்டைப்பெட்டியை நீட்டி அந்தப் பார்வையை மறையுங்கள், அன்றைக்கு அதோடு போதும். இன்னொன்றும் கண்ணில் படாது: பெரியது சும்மா வாசற்படியில் படுத்திருப்பதுபோல இருக்கும், ஆனால் குட்டி மலஜலம் கழிக்கும் மண் தட்டுக்குப் போகும் வழியை அது அடைத்திருக்கும். குட்டி கட்டிலடியில் மூத்திரம் போனால் அதை அதட்டாமல் வழியைப் பாருங்கள்.

மூன்று பூனைக்கு நான்கு மண் தட்டு, வெவ்வேறு மூலைகளில். வரிசையாக வைத்தால் பூனை கணக்கில் அது ஒரே தட்டு. சலித்த ஆற்றுமணல் போதும்.

கடுவனுக்குக் கருத்தடை செய்யாமல் இந்த வீடு அடங்காது. செய்தால் பெரும்பாலான கடுவன்கள் பீய்ச்சுவதை வெகுவாகக் குறைத்துவிடும். ஐந்து மாதக் குட்டி இப்போதே சினைபிடிக்கலாம், தாய் மகன் முறையும் பூனைக்குக் கிடையாது. ஆகவே மூன்றுக்கும் செய்யுங்கள். கடுவனுக்கு அறுவைக்குப் பிறகும் சில வாரம் வீரியம் இருக்கும், அதுவரை பெட்டைகளிடமிருந்து பிரித்து வையுங்கள். சுவரைப் பினாயில், டெட்டால் போட்டுத் துடைக்காதீர்கள். அவை பூனைக்கு நஞ்சு, பாதத்தில் ஒட்டி நக்கும்போது உள்ளே போகும். சோப்புத்தண்ணீர் போதும்.

சண்டை மூண்டால் கையை நடுவில் விடாதீர்கள், தலையணையால் பிரித்துவிடுங்கள். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாளாகும் என்பதை மூன்றில் அதிகம் பயப்படும் பூனைதான் முடிவு செய்யும். சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். அதற்குப் பிறகும் ரத்தக்காயம் வருகிறதென்றால் குட்டிக்கு வேறு வீடு பார்க்கலாம், தடுப்பூசியும் கருத்தடையும் முடித்த பூனையை வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பார்கள்.