தெப்பமும் சேறும்

கடிதம்

அன்புள்ள சார்,

பெங்களூருக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் ஏரல். வீடு பொம்மனஹள்ளி, ஆபீஸ் மாரத்தஹள்ளி, நடுவில் சில்க் போர்டு சிக்னல் நெரிசல். என் காலை நேரத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாறு வருடமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மேல்நாட்டுத் தத்துவவாதிகளான எபிக்டெட்டஸ், ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ், நீட்சே, வால்டேர், நம் கணியன் பூங்குன்றனார், வள்ளுவர் என்று படிக்கும்போது மனதில் தைக்கிற வரிகளை அதில் எழுதுவேன். எழுதி வைப்பதோடு விடுவதில்லை, அன்றாடம் பொருத்திப் பார்ப்பேன். சிக்னலில் பின்னால் நிற்கிறவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தால், 'இன்று நன்றி கெட்டவர்களையும் திமிர் பிடித்தவர்களையும் சந்திக்கப் போகிறேன்' என்று மார்க்கஸ் விடியற்காலையில் சொல்லிக்கொண்டது ஞாபகம் வரும். சிரிப்பு வந்துவிடும். அப்ரைசலில் எனக்கு ஒன்றும் கிடைக்காத வருடம் எபிக்டெட்டஸ்தான் தூங்க வைத்தார். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்த்தேன், தூக்கம் வந்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரலில் என் தம்பியின் மளிகைக் கடைக்குள் தாமிரபரணி புகுந்துவிட்டது. இரண்டு நாள் போன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். சரக்கு அத்தனையும் போச்சு, பற்று நோட்டும் நனைந்துவிட்டது என்றான். என்ன சொல்வதென்று தெரியாமல் தெரிந்ததைச் சொன்னேன். வெள்ளம் உன் கையில் இல்லை, மனசு உன் கையில் இருக்கிறது என்றேன். உன்னைக் கொல்லாதது உன்னை வலுவாக்கும் என்றேன். ஆற்று நீரோடு போகும் தெப்பம் மாதிரிதான் உயிர் என்று கணியன் பூங்குன்றனார் பாடியிருக்கிறார் என்றும் சொன்னேன். "அண்ணே, கடைக்குள்ள முழங்கால் சேறு கிடக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பணம் அனுப்பினேன், திருப்பி அனுப்பினான். இப்போது கடை நடக்கிறது. பொங்கலுக்குப் போனால் "வாங்க" என்பான், "சாப்பிட்டீங்களா" என்பான். அதோடு சரி. இந்த வரிகளெல்லாம் பொய்யா, இல்லை நான் பொருத்திய இடம் தப்பா? சில்க் போர்டில் உதவிய எபிக்டெட்டஸ் ஏரலில் ஏன் கைவிட்டார்?

ஆர்., பெங்களூரு

பதில்

அன்புள்ள ஆர்.,

எபிக்டெட்டஸ் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் மாட்டிக்கொண்ட இடத்துக்கு அவர் வழி சொல்லி வைத்திருக்கிறார், அந்தப் பக்கம் உங்கள் நோட்டுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அவர் அடிமையாக இருந்தவர், கால் ஊனமுற்றவர். டொமீஷியன் என்ற பேரரசன் தத்துவவாதிகளை ரோமை விட்டு விரட்டியபோது கிரேக்கத்தின் மேற்குக் கரையில் நிக்கோபோலிஸுக்குப் போய்ப் பள்ளி நடத்தினார். தன் கையால் ஒரு வரியும் எழுதவில்லை. அரியன் என்ற மாணவர் எடுத்த குறிப்புகளிலிருந்துதான் அவர் பெயரில் வழங்கும் சின்னக் கையேடு வந்தது. 'சில நம் கையில், சில நம் கையில் இல்லை' என்பது அதன் முதல் வாக்கியம். நோட்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதோடு மூடிவிடுகிறார்கள்.

பதினாறாம் பகுதிக்கு வாருங்கள். மகன் வெளியூர் போய்விட்டான் என்றோ சொத்து போய்விட்டது என்றோ ஒருவர் அழுவதைப் பார்த்தால் என்ன செய்வது என்று அதில் சொல்கிறார். இவரை வாட்டுவது நடந்த சம்பவம் இல்லை, அதைப் பற்றி இவர் கொண்ட எண்ணம்தான் என்று உனக்குள் நினைத்துக்கொள். ஆனால் வாய் வார்த்தையில் அவருக்கு ஆறுதலாக இரு. தேவைப்பட்டால் அவரோடு சேர்ந்து புலம்பு. உள்ளுக்குள் மட்டும் புலம்பாமல் பார்த்துக்கொள். இதுதான் அவர் சொன்ன முறை. நீங்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். உள்ளே பதறிக்கொண்டு, வெளியே தத்துவம் பேசினீர்கள்.

உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. 2024 மார்ச்சில் பெங்களூர் தண்ணீருக்கு அலைந்தது உங்களுக்கும் தெரியும். எங்கள் அடுக்குமாடியின் போர்வெல் அப்போது வறண்டது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லாரிக்கு 1,000 ரூபாய் என்று விலையும் நிர்ணயித்தார்கள். விலை வந்தது, லாரி வரவில்லை. குடியிருப்போர் வாட்ஸ்ஆப் குழுவில் இரவு பகலாகச் சண்டை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலையில் என் மனைவி காலிக் குடங்களை வாசலில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் சாய்ந்தபடி எபிக்டெட்டஸின் நான்காம் பகுதியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். குளிக்கப் போகிறாயா, பொதுக் குளியலறையில் என்னவெல்லாம் நடக்கும் என்று முதலில் மனதில் ஓட்டிப் பார். தண்ணீரை இறைப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள். இதையெல்லாம் எதிர்பார்த்துப் போனால் நிதானம் இழக்கமாட்டாய்.

அவள் முழுக்கக் கேட்டாள். "அவர் குளிக்கப் போன இடத்துல தண்ணி இருந்துதா?" என்றாள்.

இருந்தது என்றேன்.

"அப்ப சரி. அந்த ரெண்டு வாளி உங்க கையில இருக்கிற விஷயம்தான? எடுத்துட்டு கீழ போங்க. எதிர்ல கட்டடம் கட்டற இடத்துல லாரி நிக்குது."

போனேன். இரண்டு வாளியோடு மூன்று மாடி ஏறும்போது தோள்பட்டையில் வலித்த இடம்கூட இன்னும் நினைவிருக்கிறது. மூன்றாவது தடவை ஏறும்போதுதான் உறைத்தது. அந்தப் பகுதியை நான் எனக்காகப் படித்திருந்தால் அது மருந்து. குடத்தோடு நின்றவளுக்குப் படித்துக் காட்டியது, நான் எழுந்திருக்காமல் இருக்கக் கண்டுபிடித்த சாக்கு.

பள்ளிக்கூட இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தோமே, விஷயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் நோட்டில் உள்ள வரிகளில் பெரும்பாலானவை தன்மையில் பிறந்தவை. மார்க்கஸ் ஆரேலியஸ் எழுதியதற்குக் கிரேக்கத்தில் வழங்கும் தலைப்பே 'தனக்குத்தானே' என்கிற மாதிரிதான். டான்யூப் பக்கம் போர் முகாம்களில் இருந்த காலத்தில் எழுதியவையும் அதில் உண்டு. வாசகர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது போல அது இல்லை. அதில் 'நீ' என்று வரும் இடமெல்லாம் அவரேதான். காலையில் படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் கிடக்கும் பேரரசர் தன்னைத்தானே அதட்டிக்கொள்கிறார். சில்க் போர்டில் நீங்கள் செய்ததும் அதுதான், அதனால் பலித்தது. ஹாரன் அடித்தவரிடம் இறங்கிப் போய் மார்க்கஸைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீட்சேயின் வரியில் நீங்கள் ஒரு சொல்லை மாற்றிவிட்டீர்கள். ஊரே மாற்றித்தான் சொல்கிறது. அவர் எழுதியது 'என்னைக் கொல்லாதது என்னை வலுவாக்குகிறது' என்று. அதற்கு முன்னால் 'வாழ்க்கையின் போர்ப் பள்ளியிலிருந்து' என்று ஒரு சின்ன முன்குறிப்பும் உண்டு. எழுதியவர் வருடக்கணக்காகத் தலைவலியும் கண் நோயுமாகக் கிடந்தவர். அந்த உடம்பால்தான் 1879ல் பாசல் பல்கலைக்கழக வேலையை விட்டார். அந்த வரி இருக்கும் நூல் வெளிவந்தது 1889 ஜனவரி. அதே மாதத் தொடக்கத்தில் டூரின் நகரத்தில் மனம் சிதைந்து விழுந்தார். பிறகு 1900ல் சாகும்வரை பதினோரு வருடம் முதலில் அம்மா, பிறகு தங்கை பராமரிப்பில் இருந்தார். நோயாளி ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு தனக்குச் சொன்னதை, நோயில்லாதவர் நோயாளியின் கட்டிலருகே நின்று 'உன்னை' என்று மாற்றிச் சொன்னால் அது வேறு வாக்கியம்.

இனி கணியன் பூங்குன்றனார். நல்லவேளை, 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்பதைத் தம்பியிடம் சொல்லாமல் விட்டீர்கள். ஆனால் நீங்கள் எடுத்த உவமை அதைவிடக் கொடுமை. கல்லில் மோதி இரையும் பேரியாறு, அதில் நீரின் வழியே போகும் புணை. ஆறு வந்து கடையை எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள்கூட ஆகாத ஒருவனிடம் போய் அந்த ஆற்றையே உவமை காட்டினீர்கள்! (மன்னிக்கவும், இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். அப்புறம் வாளி நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன்.)

அந்தப் பாட்டின் வினைமுற்றுகளைக் கவனித்திருக்கிறீர்களா? 'தெளிந்தனம்' என்கிறார். 'வியத்தலும் இலமே' என்கிறார். தெளிந்தோம், வியப்பதும் இல்லை நாங்கள். எல்லாம் தன்மைப் பன்மை. யாரையும் பார்த்து 'கலங்காதே' என்று அவர் சொல்லவில்லை. இன்னொன்று, தெப்பம் பற்றிய அறிவு தன்னுடையது என்றும் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. 'திறவோர் காட்சியின்' தெளிந்தோம் என்கிறார், விஷயம் தெரிந்தவர்கள் கண்டு சொன்னதால் தெளிந்தாராம். அவரும் உங்களைப் போல நோட்டு வைத்திருந்த ஆள்தான் போல. ஆனால் அந்தத் தெளிவை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் பாருங்கள். பெரியோரை வியப்பதில்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை. நொடித்துப் போனவனைக் குனிந்து பார்த்துப் பேசுவதும் அந்த இகழ்ச்சியில் சேருமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வள்ளுவர் 'நகுக', 'காக்க' என்றெல்லாம் முன்னால் நிற்பவரிடம்தானே சொல்கிறார் என்று கேட்பீர்கள். வியங்கோள் மூவிடத்துக்கும் பொது என்று தமிழாசிரியர்கள் சமாதானம் சொல்வார்கள், அது இருக்கட்டும். என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் அல்சூர் ஏரிக்கரையில் அவர் சிலை இருக்கிறது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் அது மூடிக் கிடந்தது. 1991லிருந்து பதினெட்டு வருடம் அப்படியே இருந்து, 2009 ஆகஸ்ட் 9ந் தேதிதான் திறந்தார்கள். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சாயங்கால நடையில் வள்ளுவரைத் தாண்டும்போது ஏதாவது ஒரு குறள் வாயில் வரும். உங்கள் கடிதம் வந்த அன்று வந்தது 'இடுக்கண் வருங்கால் நகுக.' துன்பம் வந்தால் சிரி. சிலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அதே 'இடுக்கண்' என்ற சொல் இன்னொரு குறளிலும் வருவது ஞாபகம் வந்தது. 'உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு.' சிரிக்கச் சொன்னவரேதான், நண்பனுக்கு இடுக்கண் என்று வரும்போது சிரிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இடுப்பு வேட்டி நழுவினால் கை எப்படிப் போகிறதோ அப்படிப் போக வேண்டும் என்கிறார். வேட்டியைப் பிடிக்கப் போகிற கை, போகிற வழியில் ஒன்றும் பேசுவதில்லை.

நோட்டைத் தூக்கிப் போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கர்வத்தாலா சர்வக்ஞன் ஆனேன், எல்லோரிடமும் ஆளுக்கொரு சொல்லாகக் கற்றுத்தானே வித்தையின் மலையானேன் என்று அந்த அயனாவரத்துக்காரர் மூன்றடியில் பாடியிருக்கிறார். ஆளுக்கொரு சொல் சேர்ப்பதில் தவறில்லை. வால்டேர் பக்கத்தில் 'உன் கருத்தை ஏற்கமாட்டேன், ஆனால் அதைச் சொல்லும் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்' என்ற வரி இருந்தால் மட்டும் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். வால்டேரின் மனப்போக்கைச் சுருக்கி ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் 1906ல் எழுதிய வாக்கியம் அது.

நோட்டில் இடம் இருந்தால் எபிக்டெட்டஸின் நாற்பத்தாறாம் பகுதியையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆடுகள் எவ்வளவு மேய்ந்தோம் என்று காட்டப் புல்லைக் கொண்டுவந்து மேய்ப்பன் முன்னால் போடுவதில்லை. உள்ளே செரித்து, வெளியே கம்பளியும் பாலுமாகத் தருகின்றன. விருந்தில் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று பேசாதே, சாப்பிட வேண்டிய விதத்தில் சாப்பிடு என்றும் அங்கேயே வருகிறது. அன்றைக்குப் போனில் நீங்கள் கொட்டியது புல்.

தம்பி பணத்தைத் திருப்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை. சேற்றை வாரிப் போட அண்ணன் வருவார் என்று அவர் நினைத்திருக்கலாம், கடைசியில் வந்தது தெப்பமும் டிரான்ஸ்ஃபரும். சேறு இப்போது இல்லை, அந்த வேலை முடிந்துபோனது. ஆனாலும் ஒருமுறை பொங்கல் இல்லாத நாளாகப் பார்த்துத் தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். மைசூரிலிருந்து வருகிற வண்டி, பெங்களூரில் பிடிக்கலாம். விருந்தாளியாக வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போய், ஒரு நாள் முழுக்கக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் மடித்துக் கொடுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

கடிதத்தில் எனக்கு ஒரு இடம் விட்டுப்போயிருக்கிறது. பற்று நோட்டு நனைந்துவிட்டது என்று தம்பி சொன்னதை ஒரு வரியில் எழுதிவிட்டு உடனே எபிக்டெட்டஸுக்குத் தாவிவிட்டீர்கள். ஊர் மளிகைக் கடையில் பாதிச் சொத்து அந்த நோட்டில்தான் இருக்கும். யார் வீட்டில் எவ்வளவு பாக்கி என்று தம்பிக்கு மனப்பாடமாக இருந்ததா? வெயிலில் காயவைத்துப் படிக்க முடிந்ததா? நோட்டு போனது தெரிந்தும் தாங்களாக வந்து பாக்கியைக் கொடுத்தவர்கள் உண்டா? அவரிடம் கேட்டு எழுதுங்கள்.